மதிலருகே வந்து நின்ற மைதானம்

சங்குமுனையின் கால்பந்து மைதானம் முதல்முறையாக எழுந்து நடந்த அன்று கரையில் நல்ல சாளைப்பாடு. எல்லா வீட்டிலும் சாளைக் குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் ஆக்கித் தின்றுவிட்டு ஆணும் பெண்ணும் கண்ணயர்ந்து கிடந்த உச்சி வேளையில், தெற்கு மூலைக் கொடிக்கம்பத்தின் காலடி மண்ணைக் கடல் நக்கத் தொடங்கியதும், மைதானம் தன் இரண்டு கோல் கம்பங்களையும் சுண்ணாம்புக் கோடுகளையும் நடுவட்டத்தையும் மூன்று படி சிமெண்ட் கேலரியையும் கேலரி நிழலில் படுத்துக்கிடந்த இரண்டு ஆடுகளையும் தூக்கிக்கொண்டு வடக்கே ஒரு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. ஆடுகள் கண் திறக்கவில்லை. சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவர்கள் கொடிக்கம்பத்துக்கும் அலைக்கும் நடுவில் புதிதாக ஒரு முழம் மணல் கிடப்பதைப் பார்த்து, "நகந்திருக்குடே" என்று சொல்லிவிட்டுப் பந்தைப் போட்டு ஆடினார்கள். கூரை ஒழுகினால் பாயை இழுத்துப் போட்டுப் படுக்கிற ஊருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

எஸ்கலின் அதைப் பார்க்கவில்லை. மைதானத்துக்கு நேர் வடக்கே, வடக்குக் கோலுக்குப் பின்னால் நாலு வீடு தள்ளி அவள் வீடு. அவள் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்தால் கோலின் குறுக்குக் கம்பம் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருஷமாக அவள் அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை. மதிலைத் தாண்டி வருகிற சத்தம் மட்டும் அவளுக்குத் தெரியும். கேலரி ஒரே குரலாக எழும்பினால் நம்மவர்கள் கோல் அடித்திருக்கிறார்கள், கேலரி வாய் மூடி ஒரே ஒரு ஆள் கெட்ட வார்த்தை பேசினால் எதிராளி அடித்திருக்கிறான். இப்படிக் காதால் மட்டும் முப்பத்தோரு வருஷத்து ஆட்டங்களின் முடிவு அவளுக்கு மனப்பாடம், ஒன்றைக்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மைதானத்துக்குச் சொந்தக்காரர்கள் புனித அந்திரேயா கால்பந்துக் கழகத்தார். அந்தக் காலத்தில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற ஒரு கூட்டம், பதினொரு பேர், பதினேழு நாள் தொடர்ந்து வெறும் மடி இழுத்த கோபத்தில், பதினெட்டாம் நாள் மடியைக் கடலில் விடாமல் இரண்டு பனங்கம்புகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டு, ஏதோ கப்பலிலிருந்து ஒதுங்கிய ஒரு தோல் பந்தை அதற்குள் உதைத்து உதைத்து ஆத்திரம் தீர்த்தார்கள் என்றும், பத்தொன்பதாம் நாள் மீன் வந்தபோது அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போக மறுத்தார்கள் என்றும் கழகத்தின் பிறப்பைச் சொல்வார்கள். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில் பனியன்களை முக்கினார்கள், அதுவே கழகத்தின் நிறமாயிற்று. கரமடியை இழுக்கிற மாதிரியே, இரண்டு ஓரத்திலிருந்தும் சுருக்கிக்கொண்டே வந்து எதிராளியை நடுவில் திணற வைப்பார்கள், அதுவே கழகத்தின் ஆட்டமாயிற்று. மாவட்டக் கோப்பை ஒன்பது தடவை, மாநிலக் கோப்பை இரண்டு தடவை. எழுபது வருஷம் கழித்து இப்போதுதான் தொழில்முறை லீக்கில் சேர்வதற்கான கடிதம் வந்திருந்தது. லீக் கேட்டது இரண்டு: நூற்றுமூன்று மீட்டர் நீளத்தில் சொந்த மைதானம், பக்கம் பக்கமாக எழுதிய கழக வரலாறு.

மைதானம் தினமும் நடக்கவில்லை. கடல் தின்கிற அன்று மட்டும் நடந்தது. வேறெங்கோ கரையில் கல் கொட்டியதால்தான் இங்கே கடல் இப்படிப் பசியெடுத்து வருகிறது என்றார்கள் படித்தவர்கள், வந்த கடலை யாரால் கேள்வி கேட்க முடியும் என்றார்கள் வலைக்காரர்கள். சில வாரம் மூன்று முழம், சில மாதம் ஒன்றுமில்லை. நடந்த மைதானம் ஒருபோதும் எதையும் இடித்ததில்லை. வழியில் ஒரு மதில் இருந்தால் வாசலில் கழுநீருக்கு வந்து நிற்கிற பசுவைப் போல மதிலருகே வந்து நின்றது, வீட்டுக்காரர் மனமிரங்கி மதிலை எடுத்தால்தான் அடுத்த முழம் வைத்தது.

ஊரும் பழகிக்கொண்டது. ஞாயிறு பூசை முடிவில் திருமண ஓலை வாசித்த கையோடு, இந்த வாரம் மைதானம் யார் வீட்டு மதிலை நெருங்கும் என்பதையும் பங்குத்தந்தை அறிவித்தார். கருவாடு காயப்போடுகிற பெண்கள் நடுவட்டம் வந்து சேர்வதற்குள் களத்தை மாற்றினார்கள். முடிவெட்டுகிற ஆசீர்வாதம் தன் கடையைப் பெயர்த்து ஓரக்கோட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு, பாதி முடி வெட்டின தலையோடு ஆட்கள் எழுந்து ஓடி எறிபந்து எறிந்துவிட்டு வருவதைச் சகித்துக்கொண்டார். குறுக்கே இருந்த, அந்தோனியார் சொரூபம் வைத்த கெபியை என்ன செய்வது என்று திணறியபோது, புனிதரிடமே கேட்டுவிடலாம் என்று மூன்று தடவை சீட்டுப் போட்டார்கள். மூன்று தடவையும் 'போகட்டும்' என்றே வந்தது. அவரும் கோலுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்க்கிறார் என்று மீன்காரிகள் சொல்லிச் சிரித்தார்கள். எஸ்கலினுக்கு முன்னால் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் சுனாமிக் குடியிருப்புக்கு மாறிக்கொண்டு, கூரை ஓடுகளையும் வாசல் நிலையையும் சுமந்து போனார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானம் எஸ்கலினின் பின்மதிலருகே வந்து நின்றது.

கழகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். பயிற்சியாளர் பிரான்சிலின் பேசினான். "மைனி, மதில் மட்டும் போரும். வீட்ட ஒண்ணும் செய்யாது. ஒரு வருஷத்துக்கு முற்றம் மட்டுந்தான்."

"முற்றத்தத்தான் தர மாட்டேன்" என்றாள் எஸ்கலின்.

"கடலுக்கும் தெக்குக் கோலுக்கும் நடுவுல அஞ்சாறு முழந்தான் பாக்கி கெடக்கு மைனி. அடுத்த மாசம் லீக்குல இருந்து அளக்க வாறாங்க."

"கடலுகிட்டப் போய்ச் சொல்லு."

நாலு பேரும் தொபியாஸைப் பார்த்தார்கள். எஸ்கலினின் கணவர், ஒரு காலத்தில் கழகத்தின் கோல்கீப்பர், இரண்டு கைகளும் துடுப்பு மாதிரி நீளம். அவர் கிணற்றுத் தோண்டியின் கயிற்றை அவிழ்த்து, மறுபடி முடிந்து, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷமாக அவரும் ஒரு பந்தைத் தொட்டதில்லை.

முற்றத்தில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மதிலிலிருந்து நாலு முழத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி. அதன் அடியில் அவர்களுடைய முதல் பிள்ளை, ஒரே பிள்ளை, கிடந்தது. மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தொபியாஸ் போயிருந்த அன்று, பத்து மாசம் நிறைய இரண்டு வாரம் இருக்கையில், எஸ்கலினுக்கு வலி கண்டு பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டம் கிடைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெண்கள் முற்றத்தில் அடக்கினார்கள். தொபியாஸ் கோப்பையோடு வந்த வண்டியிலிருந்து இறங்கியபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மத்தியானமே பங்குத்தந்தை இறுதி ஆட்டம் நடந்த ஊரின் மைதானத்து ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார் என்பதும், இடைவேளையில், ஆட்டம் சுழியத்துக்குச் சுழியம் நிற்கையில், அந்தச் செய்தி எழுதிய துண்டுச்சீட்டு கழகச் செயலாளர் லாசரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும், லாசர் அதைப் படித்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி விசில் வரை வாய் திறக்கவில்லை என்பதும் ஊரில் லாசரைத் தவிர எஸ்கலினுக்கு மட்டும் தெரியும். பங்குத்தந்தை ஊர் மாறிப் போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போதே புறப்பட்டிருந்தால் தொபியாஸ் அஞ்சு மணிக்கு வந்திருப்பார், முகத்தையாவது பார்த்திருப்பார். சொன்னால் இந்தத் துடுப்புக் கைகள் லாசரின் கழுத்தை நெரித்துவிட்டுச் சிறைக்குப் போகும் என்று பயந்து எஸ்கலின் சொல்லவில்லை. முதலில் பயத்தால் சொல்லாமல் இருந்தாள், பிறகு சொல்லாமல் இருந்ததையே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாள், அப்படியே தலை நரைத்துப் போயிற்று.

இப்போது லாசர்தான் கழகத் தலைவர். அறுபத்தாறு வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் வளைகுடாவில். ஒரு பச்சை அட்டை நோட்டில் அவரேதான் கழக வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். எஸ்கலின் வீட்டுக்கு யார் யாரோ வந்தார்கள். பங்குத்தந்தை வந்தார், கன்னியர் வந்தார்கள், எதிர்க் கரையான பாறைத்துறையின் ஆட்டக்காரர்கள்கூட, உங்களைத் தோற்கடிக்க எங்களுக்கு ஒரு மைதானம் வேண்டாமா என்று கேட்டு வந்தார்கள். லாசர் மட்டும் வரவில்லை. மைதானம் மதிலருகே நின்றுகொண்டே இருந்தது. தெற்கே அஞ்சு முழம் மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று, ஒருநாள் தெற்குக் கோலின் வலைக்குள் அலை வந்து ஒரு கைப்பிடி சிப்பியைக் கோலாகப் போட்டுவிட்டுப் போனது.

அன்று மத்தியானம் எஸ்கலின் முதல்முறையாக மதிலை எட்டிப் பார்த்தாள். வடக்குக் கோல் கம்பங்கள் மதிலில் சாய்ந்த மாதிரி நின்றன. மைதானம் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் சுண்ணாம்புக் கோடுகள் லேசாக நடுங்கின, ஓடி வந்து நிற்கிறவனின் விலா எலும்புகள் போல. அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. அதற்கே அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அவள் தெருவில் போன ஒரு மீன்காரியிடம் சொல்லி அனுப்பினாள்: "லாசர் அண்ணன வரச் சொல்லு. எழுதுற நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

லாசர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். பின்முற்றத்தில், துணி துவைக்கிற கல்லில் அவரை உட்காரச் சொன்னாள். தொபியாஸ் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"அந்த வருஷத்துக்கு நேரா என்ன எழுதியிருக்கிய அண்ணே? வாசியுங்க."

லாசர் கண்ணாடியை மாட்டினார். வாசித்தார். "இது நம் கழகத்தின் பொன்னாள். இறுதி ஆட்டத்தில் எழுபத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணியின் பெனால்டியைத் தொபியாஸ் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். அடுத்த நிமிடமே நாம் கோல் அடித்தோம். கோப்பை முதல்முறையாகச் சங்குமுனைக்கு வந்தது."

"மிச்சத்தையும் வாசியுங்க."

"அவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

"அப்போ மிச்சத்த இப்ப எழுதுங்க. சத்தமாச் சொல்லிக்கிட்டு எழுதுங்க. கிணத்தடியில நிக்க அவியளும் கேக்கட்டும்."

லாசர் நோட்டைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு தொபியாஸைப் பார்க்காமல், பேனாவைத் தாளில் ஊன்றி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இடைவேளையில் ஒரு செய்தி வந்தது. தொபியாஸின் பிள்ளை இறந்து பிறந்தது என்று. செயலாளர் லாசர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை."

காக்கை ஒன்று தோண்டியின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"பெனால்டிக்கு முன்னாடியா?" என்றார் தொபியாஸ்.

"முன்னாடி."

"அப்போ நான் அந்தப் பந்துக்குப் பாயும்போ, அது உங்க பைக்குள்ள இருந்துது."

"இருந்துது தொபியாஸ்."

தொபியாஸ் நடந்து வந்தார். எஸ்கலின் முப்பத்தோரு வருஷமாகப் பயந்த அந்தக் கைகள் லாசரின் முன்னால் வந்து நின்றன. லாசர் எழுந்திருக்கவில்லை, கழுத்தை ஒளிக்கவுமில்லை. தொபியாஸ் அவர் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா அண்ணே? என் பிள்ள சாவும்போ நான் பந்து பிடிச்சுக்கிட்டு நின்னேனேன்னு நெனச்சேன். இந்தக் கையாலதான அதத் தூக்காமப் போனேன்னு நெனச்சேன். இவ்வளவு வருஷமும் சோறு தின்னும்போகூட இந்தக் கைய நான் பாக்கது கெடையாது." அவர் தலை எஸ்கலின் பக்கம் திரும்பியது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"ரெண்டாம் வருஷத்துல இருந்து. சொன்னா நீங்க எனக்கு இல்லாமப் போயிருவியன்னு சொல்லல்ல."

தொபியாஸ் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். லாசர் அழுதார், வயதானவர்கள் அழுகிற மாதிரி சத்தமில்லாமல், மூக்கைத் துடைக்க மறந்து. "கோப்பைதான் பெருசுன்னு நெனச்சேன் எஸ்கலின். அந்த நாப்பத்தஞ்சு நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன். வீட்டுக்கு வந்து சட்டையக் கழத்தும்போ அந்தச் சீட்டு இருந்துது. அதுக்குப் பெறகு நான் பைவச்ச சட்டை தைச்சதில்ல."

எஸ்கலின் பார்த்தாள். உண்மைதான். அவர் எப்போதும் பையில்லாத சட்டைதான் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"எழுதி முடியல்ல" என்றாள். "பிள்ளைன்னு எழுதினா எந்தப் பிள்ளை? பேரு எழுதுங்க."

லாசர் நிமிர்ந்தார். தொபியாஸும் நிமிர்ந்தார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்தது தொபியாஸுக்கும் தெரியாது.

"அமலோற்பவி" என்றாள் எஸ்கலின். "பொம்பளப் பிள்ள. நான் அமலின்னு கூப்பிடுவேன்."

"அமலி" என்றார் தொபியாஸ், சொல்லிப் பார்க்கிறவரைப் போல. பிறகு இன்னொரு தடவை சொன்னார். லாசர் அந்தப் பெயரை எழுதி முடித்ததும், கையை நீட்டி அவரிடமிருந்து நோட்டை வாங்கி, அந்த எழுத்தின்மேல், மை உலரட்டும் என்று, ஊதினார்.

மதிலை அன்றே எடுத்தார்கள். கழகத்தின் பதினொரு பேரும் வந்து, கடப்பாரை வேண்டாம் என்று எஸ்கலின் சொன்னதால், ஒவ்வொரு கல்லாகக் கையால் பெயர்த்துத் தெரு ஓரத்தில் அடுக்கினார்கள். நந்தியாவட்டைச் செடியை வேரோடு எடுத்து வாசல் பக்கம் நட்டாள். அதன் அடி மண்ணை அவள் கிளறவில்லை. மறுநாள் உச்சி வேளையில், எல்லாரும் கண்ணயர்ந்திருக்க அவள் மட்டும் விழித்திருக்க, மைதானம் நாலு நாள் தாகத்தோடு நின்ற மாடு தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் வைக்கிற மாதிரி முற்றத்துக்குள் வந்தது. மூன்று வாரத்தில் செடி நின்ற அந்த இடம் கோல் வலைக்கு அடியில் வந்தது, ஐந்தாவது வாரத்தில் கோல்கோட்டின் மேல். கோடு அந்த இடத்தைத் தாண்டிய அன்று எஸ்கலின் சோற்றுக் கையோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"அமலி உள்ள எறங்கிட்டா" என்றாள்.

தொபியாஸ் எட்டிப் பார்த்தார். "கோலுக்கு முன்னால நிக்கா" என்றார். "என் எடந்தான்."

அளக்க வந்த லீக் அதிகாரி காலையில் ஒரு தடவை அளந்தார், நூற்றுமூன்று மீட்டர் சரியாக இருந்தது. பிரான்சிலின் வீட்டில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து மதியம் பார்த்தபோது தன் குடையை ஊன்றி வைத்த இடத்திலிருந்து கோடு ஒரு முழம் வடக்கே போயிருந்தது. மறுபடி அளந்தார், நூற்றுமூன்றுதான். அவர் படிவத்தில் 'மைதானம் நல்ல நிலையில் உள்ளது, நடக்கும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கழக வரலாற்றை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஒன்றும் கேட்காமல் மூடி, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டத்துக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். கேலரி கொள்ளாமல் வள்ளங்களின் மேலும் வீட்டுக் கூரைகளின் மேலும் நின்றார்கள். எஸ்கலின் வெள்ளைச் சேலை கட்டி, பூசைக்குப் போகிற மாதிரி, தொபியாஸோடு போய்க் கேலரியின் இரண்டாம் படியில் உட்கார்ந்தாள். காதால் மட்டும் கேட்ட ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. சத்தம் வருவதற்கு முன்னாலேயே காரியம் நடந்துவிடுகிறது. இடைவேளை வரை, "இவன் ஏன் விழுறான்? அவன் ஏன் கொடிய ஆட்டுறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தொபியாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், முதலில் ஒற்றைச் சொல்லாக, பிறகு கையை ஆட்டி, பிறகு முன்படியில் இருந்தவனின் முதுகில் விரலால் படம் வரைந்து.

எண்பத்தொன்றாவது நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று நிற்கையில், சங்குமுனையின் கோல் எல்லைக்குள் எதிராளி ஒருவன் தன் காலே தன்னைத் தடுக்கி விழுந்தான். நடுவர் பெனால்டி என்று விசில் ஊதினார். கேலரி வாயடைத்தது. அந்த அமைதியில் ஒரு பெண்குரல் எழுந்தது.

"ஓய் கருப்புச் சட்டை! உமக்குக் கண்ணு ரெண்டும் அவிஞ்சா போச்சு? அவனா விழுந்தான்வே! இஞ்ச மூவாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கோம்!"

ஊர் திரும்பிப் பார்த்தது. எஸ்கலின் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், சேலை முந்தானையை இடுப்பில் செருகி. எதிர்ப்பக்கம் தலைவருக்குரிய நாற்காலியிலிருந்து லாசர் எழுந்து, அவரால் முடிந்த மட்டும், "அவனாத்தான் விழுந்தான்!" என்று கத்தினார். அதன்பிறகு கேலரியும் வள்ளங்களும் கூரைகளும் கத்தின.

நடுவர் மனம் மாறவில்லை. கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தான், விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. சங்குமுனை இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது.

வீட்டுக்கு நடக்கையில் எஸ்கலினுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தொபியாஸ் அவளுக்கு ஈடாக நடந்தபடி, அந்தப் பயல் அரையடி முன்னாலே பாய்ந்திருக்க வேண்டும், இடுப்பைத் தாழ்த்தியிருக்க வேண்டும் என்று தன் நீண்ட கைகளை விரித்து நடுத்தெருவில் பாய்ந்து காட்டினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நீங்க போய் அந்தப் பயலுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் அவள்.

"நாளைக்குப் போறேன்."

"அடுத்த ஆட்டம் எப்போ?"

தொபியாஸ் நின்றார். சட்டென்று அவர் முகம் சுருங்கியது. "வாற ஞாயித்துக்கிழமை. இஞ்ச இல்ல பிள்ளே, வெளியூர்ல. பஸ்ஸுல எட்டு மணிக்கூறு ஆவும்."

எஸ்கலின் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.

"சன்னல் ஓரத்துல எனக்கொரு எடம் பிடிச்சு வையுங்க" என்றாள். "எனக்குத் தலை சுத்தும்."